இரும்பு வியர்க்கும்போது

ஐப்பசி பிறந்துவிட்டால் என் போன் ஓயாது. "அண்ணா, ஹீட்டர் ஒண்ணு வேணும், இன்னிக்கு ராத்திரிக்கே" என்று சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒருவர் கூப்பிடுவார். அவரிடம் பேசி முடிப்பதற்குள் வல்லத்திலிருந்து இன்னொரு அழைப்பு காத்திருக்கும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கும் ஊரில் ஹீட்டர் யாருக்கு என்று வெளியூர் ஆட்கள் கேட்பதுண்டு. மனிதருக்கு இல்லை, ஜாபுக்கு. மழைநாளில் பெயின்ட் காய வேண்டும். அலுமினியம் ஊற்றுவதற்கு முன் டை சூடேற வேண்டும். கனத்த பிளேட்டில் வெல்டிங் வைப்பதற்கு முன் இரும்பு கதகதப்பாக வேண்டும். பவுடர் அடித்த பிராக்கெட் ஓவனுக்குள் வேக வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இந்தச் சாலையின் இரண்டு பக்கமும் சூடு இல்லாமல் நகராத வேலைகள் அவ்வளவு இருக்கின்றன.

நான் கேஸ் லைன் இழுக்கிறவன், பர்னர் பூட்டுகிறவன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு 1999 இல் இந்தப் பக்கம் வந்தேன். அதற்கு முந்தின வருஷம்தான் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. 2010 இல் ஒரகடத்தில் ரெனோ நிஸான் வந்தது, 2012 இல் டைம்லர், 2013 இல் ராயல் என்ஃபீல்டு. ஒவ்வொரு பெரிய கேட்டுக்கும் பின்னால் இருபது முப்பது சின்ன ஷெட்கள் முளைத்தன. என் வேலை முழுக்க அந்த ஷெட்களில்தான். பெரிய கம்பெனிகளில் சூட்டைப் பற்றி முடிவெடுக்கத் தனி இன்ஜினியர்கள் இருப்பார்கள். சின்ன ஷெட்டில் ஓனர், சூப்பர்வைசர், நான் என்று மூன்று பேர் டீ குடித்துக்கொண்டே முடிவெடுப்போம்.

அப்போது வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "ஃபிக்ஸ்டா போட்டுடலாமா, போர்ட்டபிளா வாங்கிக்கலாமா?"

போர்ட்டபிள் என்பது சக்கரம் வைத்த சிலிண்டர் ஹீட்டர். தகர உருளைக்குள் பின்பக்கம் ஃபேன், முன்பக்கம் நெருப்பு. எங்கள் பையன்கள் அதைப் பீரங்கி என்பார்கள். தள்ளிக்கொண்டு போய் வைத்து, ஹோஸை மாட்டி, பட்டனை அமுக்கினால் சூடு. ஃபிக்ஸ்டு என்றால் தரையில் போல்ட் போட்டு நிறுத்திய பர்னர், இரும்புக் குழாயில் வரும் கேஸ், கூரையைத் தாண்டிப் போகும் புகைக்குழாய். முதலாவதைக் காலையில் வாங்கி மாலையில் பயன்படுத்தலாம். இரண்டாவதற்கு வரைபடம், குழாய் வேலை, பிரஷர் டெஸ்ட் என்று மூன்று வாரம் ஆகும். விலையையும் நாளையும் பார்த்தால் யாருக்கும் பீரங்கி மேல்தான் கை போகும். நானும் அப்படித்தான் பல வருஷம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வேலையில் எனக்கு முதல் பாடம் ஒரு வெல்டிங் மேஸ்திரியிடம் கிடைத்தது. பிரஸ் மெஷினுக்கு அடிப்பீடம் செய்யும் ஷெட். 50 மி.மீ. பிளேட், மூன்று டன்னுக்கு மேல் எடை. இந்த மாதிரி ஜாபைச் சூடேற்றாமல் வெல்டிங் வைத்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வெல்டுக்குள் புகுந்த ஹைட்ரஜன் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே கிடந்து, ஒரு நாள், இரண்டு நாள் கழித்து, ராத்திரியில் யாருமில்லாதபோது மயிர்க்கோடு மாதிரி விரிசல் விடும். அதனால்தான் கனத்த வெல்டைச் சோதிப்பதற்கு 48 மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். மூன்று டன் ஜாபைத் தூக்கி ஓவனில் வைக்க முடியாது. சூடுதான் அதைத் தேடிப் போக வேண்டும். போர்ட்டபிளுக்கு இதைவிட நியாயமான இடம் கிடையாது.

மேஸ்திரி கட்டிங் டார்ச்சைத் தொட விடமாட்டார். அதன் நெருப்பு ஊசி மாதிரி, ஓர் இடத்தைச் சுட்டுவிட்டுப் பக்கத்து இடத்தைப் பச்சையாக விட்டுவிடும். வாய் அகலமான புரொப்பேன் பர்னரை எடுத்து, வெல்டு வரப்போகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, சோற்றுப் பானையைத் தடவுகிற மாதிரி மெதுவாக ஆட்டுவார். நெருப்பு படும் பக்கத்தில் சூடு பார்க்கமாட்டார். மறுபக்கத்தில், ஜாயின்ட்டிலிருந்து 75 மி.மீ. தள்ளி, டெம்ப் ஸ்டிக்கால் ஒரு கோடு இழுப்பார். சுண்ணாம்புக் கோடு மாதிரி இருந்தால் இன்னும் ஆகவில்லை. ஈரமாக உருகி மின்னினால் ஆயிற்று. உருகின பிறகும் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து, சூடு உள்ளுக்குள் இறங்கட்டும் என்று பீடி பற்ற வைக்க வெளியே போய்விடுவார்.

நெருப்பை முதலில் காட்டும்போது ஒரு காட்சி. பளபளவென்று தேய்த்துச் சுத்தம் செய்த பிளேட்டில் நெருப்பைச் சுற்றி வட்டமாகத் தண்ணீர் துளிர்க்கும். முத்து முத்தாக. நெருப்பு நகர நகர அந்த ஈர வட்டமும் விலகி ஓடும். "பாத்தியாடா, இரும்பு குடிச்ச தண்ணியெல்லாம் கக்குது" என்பார் மேஸ்திரி. நான் நம்பினேன். ரொம்ப வருஷம் நம்பினேன். இப்போதும் இந்தச் சாலையில் பாதி வெல்டர்கள் அதைத்தான் சொல்வார்கள்.

இரும்பு தண்ணீர் குடிப்பதில்லை. அந்தத் தண்ணீர் நெருப்பிலிருந்து வருகிறது. புரொப்பேனில் கார்பனும் ஹைட்ரஜனும் இருக்கின்றன. எரியும்போது ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி, 3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நம் சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது என்றாலும் கணக்கு பெரிதாக மாறாது. அந்த நீராவி, நெருப்புக்குப் பக்கத்தில் குளிர்ந்து கிடக்கும் இரும்பைத் தொட்டதும் தண்ணீராக இறங்குகிறது. பிளேட் 55 டிகிரியைத் தாண்டும்போது வட்டம் காணாமல் போவதும் அதனால்தான். இதை எனக்கு நிரூபித்தவர் ஒரு இன்ஸ்பெக்ஷன் இன்ஜினியர். ஒரே பிளேட்டில் வெட்டிய இரண்டு துண்டுகள். ஒன்றுக்கு நெருப்பு, இன்னொன்றுக்கு கரன்ட்டில் சூடாகும் செராமிக் பேட். நெருப்புத் துண்டு வியர்த்தது. கரன்ட் துண்டு 150 டிகிரி வரை காய்ந்தே கிடந்தது. இரண்டும் ஒரே இரும்பு.

வெல்டிங்கில் அந்த வியர்வையால் பெரிய கெடுதல் இல்லை. சூடு ஏறினால் போய்விடும், அதுவரை காத்திருந்தால் போதும். ஆனால் அந்தக் காட்சியின் அர்த்தம் எனக்கு முழுதாகப் புரிந்தது வேறொரு ஷெட்டில், ஒரு கார்த்திகை மாத இரவில், என் கையால் கொடுத்த ஹீட்டரால் ஒரு ஜாப் கெட்டபோதுதான்.

கன்வேயர் ஃபிரேம்கள் செய்யும் ஷெட் அது. பெயின்ட் அடிப்பதற்குத் தடுப்பு வைத்துத் தனி அறை ஒன்று கட்டியிருந்தார்கள். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம். ஆறு ஃபிரேம்களுக்கு எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும், மறுநாள் மேல் கோட்டிங், அதற்கு மறுநாள் லாரி. வெளியே விடாத மழை. ஓனர் போன் செய்தார், நான் பீரங்கி ஒன்றை ஏற்றிக்கொண்டு போனேன். மணிக்கு 2 கிலோ கேஸ் எரிப்பது. சாரல் அடிக்கிறதென்று ஷட்டரை இறக்கினார்கள். அறை சூடானது. எல்லாருக்கும் திருப்தி. நானும் வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் போய்ப் பார்த்தால் பிரைமர் காய்ந்திருந்தது, ஆனால் மேலே வெள்ளையாக ஒரு படலம். விரலை வைத்தால் மெழுகு மாதிரி வழுக்கியது. அவசரத்தில் அதன் மேலேயே மேல் கோட்டிங் அடித்துவிட்டார்கள். லாரி ஏறுவதற்கு முன் ஒட்டும் திறன் பார்க்க டேப் ஒட்டி இழுத்தபோது பெயின்ட் தோலாக உரிந்து வந்தது. ஆறு ஃபிரேமையும் சுரண்டினார்கள். பெயின்ட் கம்பெனி மேல் பழி, பெயின்டர் மேல் பழி, மழை மேல் பழி. ஹீட்டரை யாரும் குற்றம் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த வெல்டிங் பிளேட்டின் ஈர வட்டம் கண்ணுக்குள் வந்து நின்றது.

வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அறையின் கொள்ளளவு 240 கன மீட்டர். மழை இரவில் 25 டிகிரி, 90 சதவீதம் ஈரப்பதம் என்று வைத்தால், அந்த அறைக் காற்றில் இருக்கும் தண்ணீர் மொத்தமே 5 கிலோதான். என் பீரங்கி மணிக்கு 3.2 கிலோ தண்ணீரை அதில் சேர்த்திருக்கிறது. மூடின அறையில் இரண்டு மணி நேரத்தில், மழை கொண்டுவந்த ஈரத்தைவிட நான் கொண்டுவந்த ஈரம் அதிகம். காற்று சீக்கிரம் சூடாகிவிடும். ஃபிரேமின் இரும்பு கனம், அது மெதுவாகத்தான் சூடாகும். ஈரம் ஏறின சூடான காற்றுக்கு நடுவில் குளிர்ந்த இரும்பு நின்றால் என்ன ஆகும்? சில்லென்ற சொம்பின் வெளிப்புறம் வியர்க்கிற அதே கதைதான். போதாததற்குக் கார்பன் டை ஆக்சைடு மணிக்கு 6 கிலோ. எபாக்ஸியின் ஹார்டனரில் அமீன் இருக்கிறது. காயாத நிலையில் ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் கிடைத்தால் அமீன் அவற்றோடு சேர்ந்து மேலே மெழுகுப் படலமாக மிதந்து வரும். பெயின்ட் ஆட்கள் அதை பிளஷ் என்பார்கள். அந்தப் படலத்துக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் ஒரே தகர உருளையிலிருந்து இரவு முழுக்க ஊதியிருக்கிறேன்.

மறுநாள் ஓனரிடம் போய்ச் சொன்னேன். "பெயின்ட்ல தப்பில்லைங்க. என் ஹீட்டர்லதான் தப்பு." அவர் நம்பச் சிரமப்பட்டார். சூடு காட்டினால் காயும் என்பது நம் பாட்டி காலத்து அறிவு, அதை ஒருவன் வந்து மறுத்தால் யாருக்கும் சிரமம்தான். அதே அறையில் இரும்புத் தகடு ஒன்றைத் தொங்கவிட்டு, ஷட்டரை இறக்கி, பீரங்கியை ஓடவிட்டேன். முக்கால் மணி நேரத்தில் தகட்டின் கீழ்விளிம்பில் சொட்டு கட்டியது. அவர் அதை விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோய், பேசாமல் நின்றார். அந்த மௌனத்தில் எனக்கும் சேர்த்து ஒரு படிப்பு இருந்தது.

(பிளஷ் வந்துவிட்டவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எமரி பேப்பரை உடனே எடுக்காதீர்கள், அது மெழுகைத் தேய்த்து உள்ளேதான் அமுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரும் நார்ப் பேடும் வைத்து முதலில் கழுவுங்கள், அந்தப் படலம் தண்ணீரில் கரையும். காயவிட்டு, அப்புறம் எமரி.)

அன்றிலிருந்து ஃபிக்ஸ்டா போர்ட்டபிளா என்ற கேள்வியை நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். எல்லாரும் சக்கரத்தைப் பார்க்கிறார்கள். நான் புகைக்குழாயைத் தேடுகிறேன். தரையில் பூட்டிய பர்னர் வாங்குகிறவர் கூடவே புகைக்குழாயும் வாங்கிவிடுகிறார். நெருப்பின் தண்ணீரும் கரியமில வாயுவும் கூரைக்கு மேலே போய்விடும், உள்ளே சூடான உலர்ந்த காற்று மட்டும் வரும். அந்த வேலைக்கு நடுவில் ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வேண்டும், கொஞ்சம் சூடு புகையோடு வீணாகும், செலவும் கூடுதல். பீரங்கியில் ஒரு துளி சூடு வீணாகாது. எல்லாம் அறைக்குள்ளேயே விழும், தண்ணீரும் அதோடு சேர்ந்து விழும். விற்கிறவர்கள் முதல் பாதியைச் சொல்லி விற்கிறார்கள்.

சக்கரமும் புகைக்குழாயும் சேர்ந்த ஹீட்டர்களும் உண்டு. தள்ளிக்கொண்டு போகலாம், புகைக்குழாயை ஷட்டர் இடுக்கு வழியாக வெளியே நீட்டலாம், அல்லது ஹீட்டரையே மழை படாமல் வெளியே நிறுத்திச் சூடான காற்றை மட்டும் துணிக் குழாயில் உள்ளே விடலாம். பெயின்ட், எபாக்ஸித் தரை, ஈரம் ஆகாத எந்த வேலைக்கும் இதுதான். பீரங்கி பெரிய திறந்த ஷெட்டுக்கு, காற்றோட்டம் உள்ள இடத்துக்கு, வெறும் இரும்பைச் சூடாக்குவதற்கு.

பெயின்ட் அறைக்கு நான் போகும்போது இப்போது இரண்டு கருவிகள் பையில் இருக்கும். காற்றின் ஈரப்பதம் பார்க்க ஒன்று, இரும்பின் சூடு பார்க்க ஒன்று. ஈரப்பதத்திலிருந்து பனிநிலை தெரியும், அதாவது காற்றிலிருந்து தண்ணீர் இறங்கத் தொடங்கும் சூடு. இரும்பு அதைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருந்தால்தான் பெயின்ட் அடிக்கலாம். 25 டிகிரி, 90 சதவீதம் என்றால் பனிநிலை 23-ஐத் தாண்டிவிடும், இரும்பு 26 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். விடியற்காலையில் தொட்டுப் பார்த்துச் சில்லென்று இருக்கும் ஃபிரேமில் பெயின்ட் அடிப்பது தண்ணீர் மேல் அடிப்பதுதான், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும்.

சிலிண்டர் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் பயந்த இரவுகள் உண்டு.

சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கிறது. திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தைச் சிலிண்டரின் இரும்புச் சுவர் வெளிக்காற்றிலிருந்து வாங்கிக் கொடுக்கிறது. வீட்டு அடுப்புக்கு இது தாராளம். மணிக்கு 2 கிலோ இழுக்கும் பீரங்கியை 19 கிலோ சிலிண்டர் ஒன்றில் மாட்டினால் சுவர் வாங்கிக் கொடுப்பதைவிட கேஸ் கேட்பது அதிகம். சிலிண்டர் குளிரத் தொடங்கும். திரவ மட்டம் வரைக்கும் வெளியே பனித்துளி, பிறகு வெள்ளையாக உறைபனி. நெருப்பு சோம்பிப் போகும், மஞ்சளாகும். சிலிண்டரில் பாதி கேஸ் இருக்கும், ஆனால் வராது. பியூட்டேன் கொதிக்கும் நிலை பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே, புரொப்பேனுக்கு மைனஸ் 42. குளிர்ந்த சிலிண்டரிலிருந்து புரொப்பேன் முந்திக்கொண்டு போக, பியூட்டேன் அடியில் தங்கிவிடும்.

நைட் ஷிஃப்டில் இது நடக்கும்போது பையன்கள் தாங்களாகவே வைத்தியம் பார்ப்பார்கள். ஒருமுறை உள்ளே நுழைகிறேன், சிலிண்டரைத் தரையில் படுக்கப்போட்டு, பிறகு பீரங்கியைப் பற்றவைக்கத் தயாராக ஒருவன் குனிந்திருக்கிறான். "படுக்க வெச்சா நல்லா வருதுண்ணா" என்றான். வரும். ஆவிக்குப் பதில் திரவமே ஹோஸுக்குள் வரும். ஒரு லிட்டர் திரவம் ஆவியாகும்போது 250 லிட்டருக்கு மேல் விரியும். ஆவிக்காகச் செய்த ரெகுலேட்டருக்கும் பர்னருக்கும் அது தாங்காது, நெருப்பு ஹீட்டருக்கு வெளியே வந்து நிற்கும். வால்வை மூடி, சிலிண்டரை நிமிர்த்தி, அவன் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இழுக்கும் அளவுக்குச் சிலிண்டரைக் கணக்குப் பார்க்காமல் கொடுத்தவன் மேல்தான் பிழை. இப்போது 2 கிலோ ஹீட்டருக்கு இரண்டு மூன்று சிலிண்டர்களைச் சேர்த்து மாட்டித்தான் அனுப்புகிறேன்.

ஃபிக்ஸ்டு லைனின் அருமை இந்த இடத்தில்தான் தெரியும். பவுடர் கோட்டிங் ஓவன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பவுடர் வேக, இரும்பின் சூடு 180 முதல் 200 டிகிரி வரை ஏறி, பத்துப் பதினைந்து நிமிஷம் அங்கேயே நிற்க வேண்டும். மணிக்கு 2 லட்சம் கிலோ கலோரி பர்னர் என்றால் 18 கிலோ கேஸ் எரியும். ஒரு ஷிஃப்டுக்கு 47.5 கிலோ சிலிண்டர் மூன்று. இதைச் சிலிண்டரின் சுவரை நம்பி நடத்த முடியாது. ஷெட்டுக்கு வெளியே தனிக் கூரையின் கீழ் மேனிஃபோல்டு, திரவமாகவே வெளியே எடுக்கும் சிலிண்டர்கள், வெந்நீரில் அதை ஆவியாக்கும் வேப்பரைசர், அங்கிருந்து இரும்புக் குழாய். 100 கிலோவுக்கு மேல் கேஸ் வைத்தால் கேஸ் சிலிண்டர் விதிகள் 2016 இன்படி உரிமம் வேண்டும். இடைவெளி, சுவர், காற்றோட்டம் எல்லாம் எப்படி என்று ஐ.எஸ். 6044 சொல்கிறது. அந்த விதிகளைச் சுமை என்று பேசுகிறவர்களிடம் நான் சண்டை போடுவேன். ஒவ்வொரு வரியும் எங்கோ ஒரு தீக்குப் பிறகு எழுதப்பட்டது போலத்தான் எனக்குப் படும்.

ஃபிக்ஸ்டு பர்னர் பற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு இன்றும் பிடிக்கும். ஸ்விட்சைப் போட்டதும் நெருப்பு வராது. முதலில் ஃபேன் மட்டும் ஓடும், உள்ளே ஏதாவது கேஸ் தங்கியிருந்தால் அதை வெளியே தள்ளும். காற்று வருகிறதா என்று ஒரு ஸ்விட்ச் பார்க்கும். பிறகு பொறி, பிறகு சோலினாய்டு வால்வு டக்கென்று திறக்கும் சத்தம், பிறகு மெல்லிய உறுமல். சில நொடிக்குள் ஃபிளேம் சென்சார் நெருப்பைக் கண்டுகொள்ளாவிட்டால் எல்லாம் மூடிக்கொள்ளும். ஆள் தூங்கினாலும் மெஷின் இந்த வரிசையை மறக்காது. பீரங்கியிலும் நெருப்பு அணைந்தால் கேஸை மூடும் தெர்மோகப்பிள் உண்டு. ஆனால் அது தொல்லை தருகிறதென்று பட்டனைக் கம்பி போட்டுக் கட்டிவைத்ததை என் கண்ணால் மூன்று இடத்தில் பார்த்திருக்கிறேன். அதனால் போர்ட்டபிள் கொடுக்கும் இடத்தில் நான் ஆளைக் கேட்பேன். அதன் பக்கத்திலேயே இருக்கப்போகிறவர் யார், அவர் பெயர் என்ன. பெயர் சொல்ல முடியாத ஷெட்டுக்கு ஹீட்டர் இறக்கமாட்டேன்.

அடுத்தது தரை. இந்த கேஸ் காற்றைவிடக் கனம், புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி பள்ளம் தேடும். நம் ஷெட்களில் பள்ளத்துக்கா பஞ்சம்? கேபிள் டிரெஞ்ச், ஆயில் வடிகால், பிரஸ் மெஷின் அடிக்குழி, லிஃப்ட் குழி. ஃபிக்ஸ்டு லைன் போடும்போது சிலிண்டர் எங்கே நிற்கும் என்று ஒருமுறை யோசித்தால் போதும். போர்ட்டபிளில் ஒவ்வொரு நாளும் யோசிக்க வேண்டும், ஏனென்றால் சிலிண்டர் ஒவ்வொரு நாளும் வேறு இடத்தில் நிற்கும். நேற்று பாதுகாப்பாக இருந்த அதே சிலிண்டர் இன்று டிரெஞ்ச் மூடியின் மேல் நிற்கும்.

மூடிய அறையில் மூச்சும் ஒரு கணக்கு. நான் சொன்ன அதே 240 கன மீட்டர் அறையில், காற்றே புகாமல் மூடினால், மணிக்கு 2 கிலோ எரியும் நெருப்பு மூன்று மணி நேரத்தில் அங்கிருக்கும் ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதற்கு வெகு முன்பே நெருப்பு மஞ்சளாகி கார்பன் மோனாக்சைடு வரத் தொடங்கும். அதற்கு வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல், காலில் தளர்ச்சி. நைட் ஷிஃப்ட் களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள், அதுதான் ஆபத்து. மழை பெய்கிறதே என்று ஷட்டரை முழுக்க இறக்குகிறவர்களிடம் நான் கெஞ்சுவதற்குக் காரணம் இதுதான். கீழே ஒரு முழம், எதிர்ப்பக்கம் மேலே ஒரு ஜன்னல்.

டை சூடேற்றுவதைப் பற்றியும் கேட்பார்கள். அலுமினியம் டை காஸ்டிங்கில் குளிர்ந்த டையில் முதல் ஷாட் அடித்தால் உலோகம் நிறையாமல் மடிப்பு விழும், டையும் விரிசல் விடும். வாரத்துக்கு ஒரு டை மாற்றுகிறவருக்கு, இரண்டு பாதிக்கும் நடுவில் வைக்கும் கேஸ் பர்னர் போதும். தினம் இரண்டு முறை மாற்றுகிறவர் சூடான எண்ணெய் ஓட்டும் யூனிட்டைப் போட்டுவிட வேண்டும், தயங்கக் கூடாது. பேரிங்கை மட்டும் எந்த நெருப்பிலும் காட்டாதீர்கள். 100 மி.மீ. துளை உள்ள பேரிங்கை 80 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை பத்தில் ஒரு மி.மீ. விரியும், ஷாஃப்டில் ஏற அது போதும். அதை இண்டக்‌ஷன் ஹீட்டர் சீராகச் செய்யும். நெருப்பு ஒரு பக்கத்தைச் சுட்டு அதன் பதத்தைக் கெடுத்துவிடும்.

இப்போது இயற்கை எரிவாயுவைப் பற்றிய பேச்சும் சேர்ந்துகொண்டது. எண்ணூரில் 2019 இல் எல்.என்.ஜி. முனையம் தொடங்கியபிறகு குழாய் கேஸ் பற்றிக் கேட்காத ஓனர் இல்லை. ஓவன் மாதிரி நின்ற இடத்தில் எரியும் பர்னர்களுக்கு அது நல்லது, சிலிண்டர் தூக்கும் வேலை போய்விடும். ஆனால் ஒரு கன மீட்டருக்கு அதன் சூடு நம் கேஸின் சூட்டில் பாதிகூட வராது, நாஸிலை மாற்றியே ஆக வேண்டும். இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள். அது காற்றைவிட லேசு, கூரைக்குப் போகும். தரையோரம் வைத்த கேஸ் டிடெக்டரைக் கழற்றி மேலே மாட்ட வேண்டும். கீழேயே விட்டுவிட்டால் அது ஒன்றையும் பார்க்காது.

இந்த ஊரில் நகராத பெரிய நெருப்பு ஒன்று இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 2000 இல் தொடங்கிய செயின்ட் கோபேன் ஃபுளோட் கிளாஸ் ஆலை. கண்ணாடி உருக்கும் அந்த மாதிரி உலையில் 1500 டிகிரிக்கு மேல் சூடு, பற்றவைத்தால் இரவும் பகலும் வருஷக்கணக்கில் அணைக்கமாட்டார்கள். அணைத்தால் உள்ளே கண்ணாடி உறைந்துவிடும். அந்த வழியாக பைக்கில் போகும்போதெல்லாம் புகைபோக்கியை நிமிர்ந்து பார்ப்பேன். அத்தனை பெரிய நெருப்பையும் யாரோ ஒருவர் இந்த நிமிஷம் கண்காணித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தால் மனசுக்கு ஒரு நிறைவு.

போன கார்த்திகையில் அதே கன்வேயர் ஃபிரேம் ஷெட்டின் ஓனர் ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிட்டார். "அண்ணா, மழை பிடிச்சிடுச்சு. நாலு ஃபிரேம் நிக்குது. எது எடுத்துட்டு வர்றீங்க?"

"ஃபிரேம் தொட்டுப் பாத்தீங்களா?"

"இருபத்தி நாலு காட்டுது. நீங்க குடுத்த மீட்டர்ல."

"ஷட்டர்?"

"ஒரு முழம் தூக்கி வெச்சிருக்கேன். மேல ஜன்னலும் திறந்தாச்சு."

"ராத்திரி யார் இருக்கா?"

"நானே இருக்கேன் அண்ணா."

பையனை எழுப்பினேன். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு பேருமாக டாடா ஏஸில் ஹீட்டரை ஏற்றிக் கயிறு கட்டினோம். புகைக்குழாய்த் துண்டு இரண்டை எடுத்துப் பக்கத்தில் செருகிவிட்டு அவன் கதவைச் சாத்தப் போனான். அந்த ஷெட்டுக்குக் கூரை உயரம் என்பதைச் சொல்லி, மூன்றாவது துண்டையும் எடுத்துவரச் சொன்னேன்.